மேட்டில் நிற்கும் வண்டியை எது பிடித்திருக்கிறது?

ஃபோர் வீல் வண்டிக்குச் செலவு செய்பவர்களிடம் பேச்சுக் கொடுத்துப் பாருங்கள். டயர் எத்தனை அங்குலம், சஸ்பென்ஷனை எவ்வளவு உயர்த்தியிருக்கிறார்கள், வின்ச் எத்தனை பவுண்டு இழுக்கும் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். ஹேண்ட்பிரேக் எப்படி என்று கேட்டால் மட்டும் ஒரு சிரிப்பு வரும். "கியரைப் போட்டு, டயருக்குக் கீழே ஒரு கல்லை வைத்தால் போதும் அண்ணே!"

காலை நிகழ்ச்சிக்காக இப்படிக் காட்டுப் பாதை ஓட்டுபவர்கள் சிலரை நிலையத்துக்கு அழைத்துப் பேசியிருக்கிறேன். ஒலிவாங்கியை அணைத்த பிறகுதான் நெஞ்சைப் பதறவைக்கும் கதைகள் வெளியே வந்தன. கவனித்தால், அவற்றில் பாதிக் கதைகளில் வண்டி ஓடிக்கொண்டிருக்கவே இல்லை, நின்றுகொண்டிருந்தது. ஒருவர் வின்ச் கம்பியைப் பிடித்தபடி முன்னால் நிற்கிறார், இன்னொருவர் ஜேக்கி போட்டு அடியில் படுத்திருக்கிறார். அந்த நேரத்தில் அவர்களுக்கும் ஒன்றரை டன் இரும்புக்கும் நடுவில் இருப்பது ஒரு கேபிள்தான்.

நல்ல வண்டியில் ஹேண்ட்பிரேக் எப்படிக் காணாமல் போகிறது? பழைய சுசுகி ஜிம்னியோ ஹைலக்ஸோ, பின்சக்கரத்தில் டிரம் பிரேக் இருக்கும். சேற்றில் இறங்கினால் டிரம்முக்குள் மண் புகுந்து லைனிங்கைத் தின்றுவிடும். அதனால் பலரும் டிரம்மைக் கழற்றிவிட்டு டிஸ்க் போடுகிறார்கள். காலால் மிதிக்கும் பிரேக் அருமையாக வேலை செய்யும். ஆனால் ஹாஃப் கட் கடையில் மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் ஏதோ ஒரு காரின் முன்சக்கரக் கேலிப்பர். அதில் ஹேண்ட்பிரேக் கேபிளை மாட்ட இடமே இருக்காது. டிரம்மோடு சேர்ந்து ஹேண்ட்பிரேக்கும் போய்விடும். உள்ளே கைப்பிடி மட்டும் அலங்காரத்துக்கு நிற்கும்.

ஒரு சின்னக் கணக்கு. கார்களுக்கான ஐக்கிய நாடுகள் விதிமுறை 13-எச், பாரம் ஏற்றிய வாகனத்தை 20 விழுக்காட்டுச் சரிவில் ஹேண்ட்பிரேக் தனியாகப் பிடித்து வைக்க வேண்டும் என்கிறது. 100 மீட்டர் போவதற்குள் 20 மீட்டர் ஏறும் மேடு அது. அங்கே 2,000 கிலோ வண்டியைக் கீழே இழுக்கும் விசை, ஏறக்குறைய 390 கிலோ எடைக்குச் சமம். இப்போது 29 அங்குல டயரைக் கழற்றி 35 அங்குல டயர் போடுங்கள். பிரேக் அதேதான், கேபிள் அதேதான். ஆனால் தரையில் கிடைக்கும் பிடிப்பில் ஆறில் ஒரு பங்கு போய்விடும். டிரம்மையே கழற்றாதவர்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

சரி, என்ன போடலாம்?

கேமரன் மலையில் காய்கறி மூட்டைகளோடு ஓடும் பழைய லேண்ட் ரோவர்களைப் பார்த்திருப்பீர்கள். அவற்றின் ஹேண்ட்பிரேக் சக்கரத்தில் இல்லை. டிரான்ஸ்ஃபர் கேஸின் பின்பக்கம், பின்சக்கரங்களுக்குப் போகும் ஷாஃப்ட் தொடங்கும் இடத்தில் ஒரு டிரம் இருக்கும். அதைத்தான் டிரான்ஸ்மிஷன் பிரேக் என்கிறார்கள். நிசான் பேட்ரோலிலும் இந்த ஏற்பாட்டைப் பார்க்கலாம். இதன் பலம் டிஃபரென்ஷியலில் இருக்கிறது. அதன் விகிதம் 4.1 என்றால், சக்கரத்தில் தேவைப்படும் முறுக்கு விசையில் கால்வாசியை ஷாஃப்டில் கொடுத்தால் போதும். பெரிய டயருக்கும் ஈடு கொடுக்கும். சேறும் அவ்வளவு உயரத்துக்கு எளிதில் ஏறாது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துக் காலை எடுத்தால் வண்டி இலேசாக முன்னும் பின்னும் ஆடிவிட்டுத்தான் நிற்கும். பற்சக்கரங்களுக்கு இடையிலுள்ள இடைவெளி அது. புதிதாக ஓட்டுபவருக்கு ஒரு நிமிடம் உயிர் போய்த் திரும்பும்.

ஆனால் ஒரு பொல்லாத குணம் உண்டு. பின்சக்கரம் ஒன்றை ஜேக்கியில் தூக்கினால், தரையில் இருக்கும் சக்கரம் ஒரு பக்கமும் தூக்கிய சக்கரம் மறுபக்கமும் சுழல டிஃபரென்ஷியல் இடம் கொடுத்துவிடும். ஷாஃப்ட் அசையாது, வண்டி மட்டும் ஜேக்கியை விட்டு நகரும். நான்கு சக்கர இயக்கத்தில் போட்டு, நடு டிஃபரென்ஷியல் உள்ள வண்டியில் அதையும் பூட்டினால் முன்சக்கரங்களும் சேர்ந்து பிடிக்கும். அதைச் செய்யாமல் அடியில் போகக் கூடாது. பின் ஷாஃப்டோ ஆக்ஸிலோ உடைந்தால் அந்தப் பிரேக்கும் அதோடு போனது. ஓடும் வண்டியில் இதை இழுத்தால் அதிர்ச்சி முழுவதும் ஆக்ஸிலில் இறங்கும். டிரான்ஸ்ஃபர் கேஸின் ஆயில் சீல் கசிந்தால் லைனிங் நனைந்து வழுக்கும். இது பழைய லேண்ட் ரோவர் வைத்திருப்பவர்களுக்குத் தீராத தலைவலி.

இரண்டாவது வழி, டிஸ்க்கின் நடுக்கிண்ணத்துக்குள் ஒரு சிறிய டிரம்மை மறைத்து வைப்பது. பஜேரோ, பிராடோ போன்ற வண்டிகளில் வருவது. சக்கரத்தையே நேரடியாகப் பிடிப்பதால் ஜேக்கி போடும்போது மனம் நிம்மதியாக இருக்கும். சேறு புகும் தொல்லை முழுதாகத் தீராது. ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் திறந்து கழுவ வேண்டும். மூன்றாவது, ஹேண்ட்பிரேக் நெம்புகோல் சேர்ந்தே வரும் பின்சக்கரக் கேலிப்பர். பொருத்துவது எளிது. ஆனால் சிறிய காருக்குச் செய்ததைத் தூக்கி இரண்டு டன் வண்டியில் மாட்டினால் பிடிப்பு போதாது.

பிரேக் எண்ணெயின் அழுத்தத்தைப் பூட்டி வைக்கும் 'லைன் லாக்' கருவியையும் சிலர் பரிந்துரைப்பார்கள். அதை ஹேண்ட்பிரேக்காக ஏற்க முடியாது என்பது என் கருத்து. மலை இறங்கிச் சூடான பிரேக் ஆறும்போது எண்ணெய் சுருங்கி அழுத்தம் குறையும். சீல் சொட்டினாலும் அதே கதை. மேலே சொன்ன ஐ.நா. விதியும், பூட்டிய நிலையில் பிடித்திருப்பது முழுக்க இயந்திர அமைப்பாகவே இருக்க வேண்டும் என்கிறது. வின்ச் இழுக்கும் ஐந்து நிமிடத்துக்குக் கூடுதல் துணையாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

"ஆட்டோ வண்டிதானே, 'பார்க்'கில் போட்டால் ஆயிற்று" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தப் பூட்டு கியர்பெட்டிக்குள் இருக்கிறது. டிரான்ஸ்ஃபர் கேஸ் நியூட்ரலில் இருந்தால் கியர்பெட்டிக்கும் சக்கரத்துக்கும் தொடர்பே இல்லை. மேனுவல் வண்டியை முதல் கியரில் போட்டு நிறுத்துவதும் இதே கணக்குதான். டிரான்ஸ்ஃபர் கேஸ் நெம்புகோலில் தெரியாமல் முழங்கை பட்டாலும் போதும்.

என்னைக் கேட்டால், வார நாளில் வேலைக்கும் வார இறுதியில் காட்டுக்கும் போகும் வண்டிக்குச் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக்கே முதல் தேர்வு. டிஸ்க்குக்குள் டிரம் இருக்கும் வகை கிடைத்தால் விடாதீர்கள். 35 அங்குல டயரும் வின்ச்சும் போட்டுக் காட்டையே வீடாக்கிக்கொண்ட வண்டிக்கு டிரான்ஸ்மிஷன் பிரேக்கைக் கூடுதலாகச் சேர்க்கலாம். எதை மாற்றுவதாக இருந்தாலும் பட்டறைக்குப் போகும் முன் ஜேபிஜேயில் விசாரித்துவிடுங்கள். டிரான்ஸ்மிஷன் பிரேக் உள்ள வண்டியைச் சோதனைக்குக் கொண்டுபோனால் அங்குள்ள ஊழியரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். உருளையில் ஒரு சக்கரத்தை மட்டும் சுழற்றிப் பார்த்தால் அளவு சரியாக வராது.

பட்டறைக்காரர்கள் மறக்கும் விஷயம் ஒன்று உண்டு: கேபிளின் நீளம். சஸ்பென்ஷனை உயர்த்திய பிறகு பழைய கேபிளையே விட்டால், பள்ளத்தில் பின்ஆக்ஸில் தொங்கும்போது அது இழுபட்டுத் தானாகவே பிரேக் பிடிக்கும், இல்லாவிட்டால் அறுந்துபோகும். வண்டியைத் தூக்கி ஆக்ஸிலை முழுதாகத் தொங்கவிட்டு அளந்து வாங்க வேண்டும்.

கடைசியாகச் சோதனை. ஆள் நடமாட்டம் இல்லாத மேட்டில் வண்டியை நிறுத்துங்கள். டயருக்குக் கீழ்ப்பக்கம் ஒரு சாண் தள்ளித் தடுப்புக் கட்டைகளை வையுங்கள். ஓட்டுநர் இருக்கையிலேயே இருந்து, கால் பிரேக்கை மிதித்தபடி டிரான்ஸ்ஃபர் கேஸை நியூட்ரலுக்கு மாற்றி, ஹேண்ட்பிரேக்கை இழுத்துவிட்டு மெதுவாகக் காலை எடுங்கள். பிறகு வண்டியின் மூக்கை மறுபக்கம் திருப்பி இன்னொரு முறை. சில டிரம்கள் ஒரு பக்கம் நன்றாகப் பிடிக்கும், மறுபக்கம் நழுவும். கட்டைவரை உருண்டு வந்தால் திங்கட்கிழமை காலை முதல் வேலை பட்டறைக்குப் போவதுதான். அடுத்த வாரக் காட்டுப் பயணத்தை நண்பர் வண்டியில் வைத்துக்கொள்ளுங்கள்.