ரைட் கிளிக்கில் நோட்பேட்: பிளஸ் 2 மாணவர்களுக்குக் கைகொடுக்கும் ஒரு குறுக்குவழி!

காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. அறப்பளீஸ்வரர் கோயிலும் ஆகாய கங்கை அருவியும் இருக்கும் வளப்பூர் நாட்டிலிருந்து, சின்ன கம்ப்யூட்டர் சந்தேகத்துக்காக நாமக்கல் வரை இறங்கி ஏறினால் அன்றைய பொழுது போச்சு. வீட்டிலேயே சரிசெய்யக்கூடிய சந்தேகம் என்றால் இன்னும் எரிச்சல்தான்.

அப்படி ஒன்று இது. பிளஸ் 2 கணினி அறிவியலில் பைத்தான் இருக்கிறது. எழுதி வைத்த புரோகிராமைத் திருத்தலாம் என்று டபுள் கிளிக் செய்தால், கறுப்புத் திரை ஒன்று மின்னி மறைந்துவிடும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. விண்டோஸ் அதைத் திறக்காமல் ஓட்டிவிட்டது, அவ்வளவுதான்.

அதே பாடத்திட்டத்தில் வரும் சிஎஸ்வி ஃபைல் இதைவிட வம்பு. டபுள் கிளிக் செய்தால் எக்ஸெலில் திறக்கும். எண்களின் முன்னால் இருக்கும் பூஜ்ஜியங்கள் காணாமல் போகும். தமிழ்ப் பெயர்கள் சில சமயம் புரியாத குறியீடுகளாகத் தெரியும். கவனிக்காமல் 'சேவ்' கொடுத்தால் ஒரிஜினலும் போச்சு.

பலர் செய்யும் தவறு, 'ஓப்பன் வித்' போய் நோட்பேடைத் தேர்ந்தெடுத்து, 'எப்போதும் இதிலேயே திற' என்பதையும் டிக் செய்துவிடுவது. அதன்பிறகு டபுள் கிளிக் செய்தால் புரோகிராம் ஓடவே ஓடாது.

ரைட் கிளிக் மெனுவிலேயே நோட்பேடைச் சேர்த்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. விண்டோஸ் பட்டனுடன் 'ஆர்' எழுத்தை அழுத்துங்கள். வரும் பெட்டியில் 'ஷெல்', முக்காற்புள்ளி, 'சென்ட்டு' என்று ஆங்கிலத்தில் இடைவெளி இல்லாமல் தட்டி என்டர் கொடுங்கள். ஒரு ஃபோல்டர் திறக்கும். உள்ளே காலி இடத்தில் ரைட் கிளிக் செய்து, 'நியூ', 'ஷார்ட்கட்' போங்கள். இடம் கேட்கும்போது 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் கொடுத்து, விரும்பிய பெயர் வையுங்கள். 'நோட்பேடில் திற' என்று தமிழிலேயே வைக்கலாம்!

இனி எந்த ஃபைலையும் ரைட் கிளிக் செய்து 'சென்ட் டு' போனால் அந்தப் பெயர் இருக்கும். 2021-ல் வந்த விண்டோஸ் 11-ல் மெனு சுருங்கிவிட்டதால், ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரைட் கிளிக் செய்ய வேண்டும். மைக்ரோசாஃப்ட் ஏன் இதை ஒளித்து வைத்ததோ!

'சென்ட் டு'வுக்குள் போகாமல் மெனுவின் முகப்பிலேயே வேண்டும் என்பவர்கள் ரெஜிஸ்ட்ரியில் கை வைக்க வேண்டும். அங்கே தவறான வரியை அழித்தால் விண்டோஸே தகராறு செய்யலாம். பேக்கப் எடுக்கத் தெரியாதவர்கள் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

'சென்ட் டு' வழியில் அந்தப் பயம் இல்லை. பிடிக்கவில்லையா? அதே ஃபோல்டருக்குப் போய் ஷார்ட்கட்டை டெலீட் செய்தால் மெனு பழையபடி ஆகிவிடும். நோட்பேடுக்குப் பதில் நோட்பேட் பிளஸ் பிளஸ் பயன்படுத்துபவர்கள், அதன் ஷார்ட்கட்டை டெஸ்க்டாப்பிலிருந்து காப்பி செய்து அங்கே போட்டாலே போதும்.