பதிவு தரும் பாதுகாப்பு

தையல், கூடை முடைதல், மிதிவண்டி பழுதுபார்த்தல் முதலிய தொழில்களைத் தொடங்கக் கல்வித்தகுதி எதுவும் வேண்டுவதில்லை, கைத்திறனே முதல். ஆயினும், அத்தொழிலையும் முறையாகப் பதிவு செய்தல் இன்றியமையாதது.

இதற்கென நடுவண் அரசு 2020 ஜூலை 1 முதல் ‘உத்யம்’ என்னும் பதிவுமுறையை நடைமுறைப்படுத்தியது. தொழிலின் தன்மை, முதலீடு, விற்றுமுதல் ஆகியவற்றைத் தொழில்முனைவோர் தாமே உறுதிகூறி, ஆதார் எண்ணைக்கொண்டு இணையவழியில் பதிவு செய்யலாம். கட்டணம் இல்லை, ஆவணங்களைப் பதிவேற்றவும் தேவையில்லை.

இப்பதிவின் பயன் யாது? தையல்கலைஞர் ஒருவர் ஒரு நிறுவனத்திற்குச் சீருடைகள் தைத்துக் கொடுக்கிறார் எனக் கொள்வோம். துணிக்கும் நூலுக்கும் கைப்பொருளைச் செலவிட்டபின், உரிய தொகை மாதக்கணக்கில் வாராதிருப்பின் அவர்தம் தொழிலே முடங்கிவிடும். பதிவுபெற்ற குறு, சிறு தொழில்களுக்குரிய தொகையை 45 நாள்களுக்கு மிகாமல் செலுத்த வேண்டும் என்று, 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் நிறுவனங்கள் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வட்டிவீதத்தின் மும்மடங்கில் கூட்டுவட்டியும் சேர்த்துச் செலுத்த நேரிடும். முறையிடுவதற்கு மாநில அரசு அமைத்த மன்றமும் உண்டு.

எனவே, வேலையை ஏற்கும் முன்பே தொழிலைப் பதிவு செய்துகொள்வது அறிவுடைமையாகும்.