மீண்டும் அந்த ஊர் – 9: வெனிஸ் குடித்த மழை

போன வாரம் மியூனிக்கில் ரயிலேறி, பிரென்னர் கணவாயைத் தாண்டி, காயலின் மேல் போட்ட பாலம் வரை வந்துவிட்டோம். வெனிஸுக்குள் நுழையப் பகல்நேரப் பயணிகளிடம் வாங்கும் கட்டணத்தைப் பற்றி இந்த வாரம் எழுதுவதாக இருந்தேன். அதற்குள் ஒரு கிணறு குறுக்கே வந்துவிட்டது.

சென்னையிலிருந்து சுற்றுலாக் குழுவோடு வந்தபோது இந்த ஊருக்கு ஒதுக்கியது ஒரே பகல். சான் மார்க்கோ சதுக்கம், ரியால்ட்டோ பாலம், கொண்டோலாப் படகு, திரும்பவும் பேருந்து. இப்போது ஜெர்மனியில் குடியிருப்பதால் ரயில் பிடித்தால் அன்றே வந்து சேரலாம். பார்த்தே ஆகவேண்டியவை எல்லாம் முன்பே முடிந்துவிட்டதால் குறுக்குச் சந்துகளில் நடக்க நேரம் கிடைத்தது. அப்படி நடந்தால் சந்துகள் கொண்டுபோய் விடுவது காம்போ எனப்படும் சிறு சதுக்கங்களில். பெரும்பாலானவற்றின் நடுவில் இரும்பு மூடி போட்ட, செதுக்கு வேலை நிறைந்த ஒரு கல் கிணறு நிற்கும். பயணிகள் அதன்மேல் பையை வைத்துவிட்டு ஐஸ்கிரீம் சாப்பிடுகிறார்கள்.

இந்தக் கிணற்றில் ஊற்று கிடையாது. யோசித்துப் பாருங்கள். சுற்றிலும் உப்புநீர். ஆறு இல்லை, ஏரி இல்லை. அப்படி ஒரு சேற்றுத் தீவுக்கூட்டத்தில் லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பல நூற்றாண்டுகள் வாழ்ந்திருக்கிறார்கள். கப்பல் கட்டினார்கள், சாயம் போட்டார்கள், பிள்ளை பெற்றார்கள். குடிக்க என்ன செய்தார்கள்? வானத்தை நம்பினார்கள்.

சதுக்கத்தை 5, 6 மீட்டர் ஆழத்துக்குத் தோண்டுவார்கள். காயலின் உப்பு உள்ளே கசியாதபடி பள்ளம் முழுக்கக் களிமண்ணைக் கெட்டியாக அப்புவார்கள். நடுவில், நீர் கசிந்து உள்ளே வரும்படி செங்கல்லால் உறை எழுப்புவார்கள். உறைக்கும் களிமண்ணுக்கும் இடையே முழுவதும் மணல். அதன்மேல் கல் பாவி, மழைநீர் இறங்க இரண்டோ நான்கோ துளைக்கற்களைப் பதிப்பார்கள். கூரையில் விழுந்த மழையும் தரையில் விழுந்த மழையும் துளைவழி இறங்கி, மணலில் வடிந்து, உறைக்குள் தெளிந்து ஊறும். நாம் கிணறு என்று பார்ப்பது அதன் கைப்பிடிச் சுவர் மட்டுமே. உண்மையான கிணறு நம் காலடியில், சதுக்கம் முழுக்கப் பரந்து கிடக்கிறது. இதைத் தெரிந்துகொண்ட பிறகு அந்தக் கற்களின்மேல் முன்போல நடக்க என்னால் முடியவில்லை.

1858-இல் எடுத்த கணக்கின்படி, தனியார் வீடுகளில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்ட கிணறுகள். பொதுக் கிணறுகள் 180. செல்வர்கள் தங்கள் செலவில் வெட்டித் தந்தவையும் உண்டு. பொதுக் கிணற்றின் சாவி அந்தப் பகுதித் தலைவரிடம் இருக்கும். குறித்த வேளையில் மணியடித்துத் திறப்பார்கள். மழை பொய்த்தால் பிரெண்டா ஆற்றுநீரைப் படகுகளில் கொண்டுவந்து, அதையும் துளைக்கற்கள் வழியே ஊற்றி மணலில் வடித்தார்கள். தோளில் காவடித்தண்டும் இருமுனையிலும் செம்பு வாளியுமாக வீடுவீடாகத் தண்ணீர் விற்ற பெண்கள் இருந்தார்கள். அவர்களில் பலர் வடகிழக்கே ஃப்ரியூலியிலிருந்து பிழைக்க வந்தவர்கள். மாளிகை கட்டிய வணிகர்களின் பெயர்கள் கல்லில் இருக்கின்றன. இந்தப் பெண்களின் பெயர் எங்குமே இல்லை. எனக்கு அது ஆறவில்லை.

சில கிணறுகளின் அடியில் சின்னக் கல்தொட்டி இருக்கும். நாய்க்கும் பூனைக்கும் புறாவுக்கும். குடிநீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்த ஊர் அவற்றுக்கும் பங்கு வைத்திருக்கிறது.

பெரிய பகை கடல்தான். உயர் ஓதம் வந்து துளைக்கற்களுக்குள் உப்புநீர் புகுந்தால் கிணறு கெட்டது. அதனால்தான் சான் த்ரோவாசோ சதுக்கத்தின் நடுப்பகுதி சுற்றுத்தரையைவிட உயர்ந்திருக்கிறது. சாண்ட் ஆஞ்செலோவிலும் கிணறுகள் மேடைமேல் நிற்கின்றன. முதல் முறை இந்த மேடுகளைக் கண்டால் அழகுக்குக் கட்டியவை என்றுதான் தோன்றும்.

1884-இல் நிலப்பகுதியிலிருந்து குழாய்த் தண்ணீர் வந்தது. கிணறுகளுக்கு மூடி போட்டார்கள். அக்கம்பக்கத்தார் அன்றாடம் குடத்தோடு கூடிய இடங்களில் இப்போது காப்பிக்கடை நாற்காலிகள். ஆள் குறைந்ததற்குக் கிணற்றைக் காரணம் சொல்ல மாட்டேன்; வீட்டு வாடகையும் வேலையும்தான் காரணம். 1951-இல் பழைய நகரத்தில் சுமார் 1,75,000 பேர் இருந்தார்கள். 2022-இல் அது 50,000-க்கும் கீழே போனது. அந்த எண்ணைப் பார்த்துத்தான் நகராட்சி 2024 ஏப்ரல் 25-ஆம் தேதி முதல் 5 யூரோ கட்டணத்தைத் தொடங்கியதா, அதனால் ஏதாவது பயன் உண்டா என்பதற்கு இங்கே இடமில்லை. அடுத்த வாரம் கட்டாயம் அதுதான்.

அதற்குள் வெனிஸ் போகிறவர்கள் இருந்தால் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஓர் இரவாவது தங்குங்கள். பகல் கூட்டம் ரயிலுக்குத் திரும்பிய பிறகு ஏதாவது ஒரு காம்போவில் நின்று, கிணற்றைச் சுற்றியிருக்கும் துளைக்கற்களைத் தேடிப் பாருங்கள். எத்தனை கண்டீர்கள் என்று எனக்கு எழுதுங்கள்.