சுப்பாராவின் மேற்கோள் கணக்கு

சென்னையிலோ மதுரையிலோ கோவையிலோ உயிர்வேதியியல் படிக்கும் மாணவர்கள், இரத்தத்திலுள்ள பாஸ்பரஸின் அளவைக் கண்டறியும் பரிசோதனையை முடித்து ரெக்கார்டு நோட்டில் எழுதும்போது, 'ஃபிஸ்க்–சுப்பாராவ் முறை' என்று தலைப்பிட்டு, அதன் கீழே கோடு போட்டுவிட்டு அடுத்த பரிசோதனைக்குப் போய்விடுகிறார்கள். அந்த இரண்டாவது பெயருக்கு உரியவர் சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர் என்பதையோ, அவர் தலைமையில் உருவான மருந்துகள் இன்றும் நம் ஊர் ஆஸ்பத்திரிகளில் வழங்கப்படுகின்றன என்பதையோ அவர்களுக்கு எடுத்துச் சொல்வோர் அதிகம் இல்லை. ஒரு விஞ்ஞானி வெளியிட்ட கட்டுரைகளை எண்ணி, அவற்றை மற்றவர்கள் எத்தனை தடவை மேற்கோள் காட்டினார்கள் என்று கணக்கெடுத்து, அந்த எண்ணிக்கையைக் கொண்டே அவருடைய செல்வாக்கை நிர்ணயிக்கும் இக்காலத்து வழக்கம் எவ்வளவு தூரம் செல்லும் என்று பார்க்க விரும்புகிறவர்களுக்கு எல்லாப்பிரகட சுப்பாராவின் சரித்திரத்தைவிடப் பொருத்தமான உதாரணம் கிடைப்பது அரிது.

முதலில் அந்த வழக்கம் வந்த விதத்தைச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வக்கீல்கள் ஒரு தீர்ப்பைப் பின்னால் வந்த நீதிபதிகள் ஏற்றார்களா, தள்ளினார்களா என்று தேடிப் பார்ப்பதற்காக 1873-ஆம் ஆண்டு முதலே 'ஷெப்பர்ட்' என்ற அட்டவணையை உபயோகித்து வந்தார்கள். பிலடெல்பியாவைச் சேர்ந்த யூஜின் கார்ஃபீல்டு என்பவர், சட்டத்துக்கு இருக்கும் இந்த வசதி விஞ்ஞானத்துக்கு ஏன் இருக்கக் கூடாது என்று 1955-இல் 'ஸயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார். பிறகு ஒரு ஸ்தாபனத்தையும் நிறுவி, எந்தக் கட்டுரை எந்தக் கட்டுரையை அடிக்குறிப்பில் சுட்டுகிறது என்பதையெல்லாம் திரட்டி, 1964-இல் விஞ்ஞான மேற்கோள் அட்டவணையை வெளியிட்டார். நூல்களைத் தேடுவதற்காகச் செய்யப்பட்ட இந்தக் கருவி, காலப்போக்கில் மனிதர்களை எடைபோடும் தராசாக மாறியது. 2005-இல் ஜார்ஜ் ஹிர்ஷ் என்ற பௌதிக ஆசிரியர், ஒருவர் எழுதியவற்றுள் இருபது கட்டுரைகள் தலைக்கு இருபது தடவையாவது மேற்கோள் பெற்றிருந்தால் அவருடைய மதிப்பு இருபது என்று ஒரே எண்ணில் அடக்கிவிடும் உபாயத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்தார். உத்தியோகம், பதவி உயர்வு, மானியம் முதலிய பல காரியங்களில் இன்று அந்த எண்ணுக்கு வாக்கு உண்டு.

எண்ணிக்கையை நம்பி மேலே போகிறவர்களுக்கு ஆரம்பத்திலேயே ஒரு வியப்பு காத்திருக்கிறது. 2014-இல் 'நேச்சர்' பத்திரிகை, அதுவரை மிகுதியாக மேற்கோள் பெற்ற நூறு கட்டுரைகளைத் தொகுத்தபோது, முதலிடத்தில் நின்றது மரணத்தை வென்ற மருந்தும் அன்று, பிரபஞ்ச ரகசியமும் அன்று. ஒரு திரவத்தில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளப்பதற்காக ஆலிவர் லோரியும் மூன்று சகாக்களும் 1951-இல் எழுதிய பதினொரு பக்கக் கட்டுரை அது. மூன்று லட்சத்துக்கும் அதிகமான கட்டுரைகள் அதைச் சுட்டியிருந்தன. உயிரின் மரபு மூலக்கூறு இரட்டைச் சுருள் வடிவம் என்று காட்டி உலகத்தையே திகைக்க வைத்த வாட்ஸன், கிரிக் இருவரின் 1953-ஆம் ஆண்டுக் கட்டுரை அந்த நூற்றுக்குள் இடம்பெறவில்லை. லோரியேகூடத் தம்முடைய கட்டுரை மகத்தானது அன்று என்றுதான் சொல்லிவந்தார். பிரசுரிக்கப்படாத ஒரு முறையை மேற்கோள் காட்டிக் காட்டி அலுத்துப்போன எர்ல் சதர்லண்டு என்ற சக ஆராய்ச்சியாளர் தூண்டியதால்தான் அதை எழுதினார் என்றும் சொல்வதுண்டு. நெல் அளக்கிறவர்கள் எல்லோரும் மரக்காலை எடுக்கிறார்கள்; அதனால் மரக்கால் செய்த தச்சன் நெல்லை விளைவித்தவன் ஆகிவிடமாட்டான். மேற்கோள் எண்ணிக்கை உபயோகத்துக்குச் சாட்சி சொல்லும். உயர்வுக்கும் அதையே சாட்சிக்கு அழைப்பது வழக்கைக் கெடுத்துவிடும்.

சுப்பாராவ் 1895-இல் பீமவரத்தில் பிறந்தவர். அப்போது அது சென்னை ராஜதானியைச் சேர்ந்த ஊர். மருத்துவக் கல்லூரியில் கதர் உடுத்தி வந்ததால் ஒரு பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எழுத்துத் தேர்வுகளில் தேறியும் முழுப் பட்டத்துக்குப் பதிலாக எல்.எம்.எஸ். என்ற தாழ்ந்த பட்டத்தோடு வெளியேற நேர்ந்தது. சென்னையிலேயே ஓர் ஆயுர்வேதக் கல்லூரியில் உடற்கூறு கற்பித்துவந்த அவர், பிறகு பாஸ்டன் நகருக்குக் கப்பலேறி, ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்து வயிறு வளர்த்துக்கொண்டே படித்து, ஹார்வர்டு மருத்துவப் பள்ளியின் உயிர்வேதியியல் பிரிவில் ஸைரஸ் ஃபிஸ்க் என்பவரிடம் சேர்ந்தார். அந்தப் பிரிவுக்குத் தலைவராக இருந்த ஆட்டோ ஃபோலின், இரத்தத்தையும் சிறுநீரையும் நிறத்தைக் கொண்டு அளக்கும் கலையில் நிகரற்றவர்; லோரி பிற்காலத்தில் உபயோகித்த திராவகமும் இந்த ஃபோலினின் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது.

ஃபிஸ்கும் சுப்பாராவும் 1925-இல் 'ஜர்னல் ஆஃப் பயலாஜிக்கல் கெமிஸ்ட்ரி'யில் வெளியிட்ட கட்டுரையின் சாரம் சாமானியர்களுக்கும் விளங்கக்கூடியதே. இரத்தத்திலுள்ள புரதத்தை ஓர் அமிலத்தால் திரியவைத்து வடிகட்டிவிட்டால் தெளிந்த நீர் மிஞ்சும். அதில் கந்தகாமிலத்தோடு அம்மோனியம் மாலிப்டேட் சேர்த்தால், நீரிலுள்ள பாஸ்பேட் அதனுடன் கூடிக்கொள்ளும். ஆனால் கண்ணுக்கு எந்தப் பெரிய மாறுதலும் தெரியாது. அப்போது அமினோநாஃப்தால் ஸல்ஃபானிக் அமிலம் என்ற குறைப்பானைச் சில துளிகள் விட்டால், சில நிமிஷங்களில் நீலம் ஊறிப் பரவும். பாஸ்பரஸ் எவ்வளவோ அவ்வளவுக்கு நீலத்தின் அடர்த்தி. அக்காலத்தில் மின்சாரக் கருவி கிடையாது. ஒரு கண்ணாடிக் குவளையில் அளவு தெரிந்த நீலத்தையும் மற்றதில் சோதிக்க வேண்டிய நீலத்தையும் வைத்து, மேலேயுள்ள குழலில் ஒற்றைக் கண்ணைப் பொருத்தி, வட்டத்தின் இரண்டு பாதிகளும் ஒரே சாயலாகும் வரையில் குவளைகளை ஏற்றி இறக்கி, நின்ற இடத்தின் அளவைக் குறித்துக்கொள்ள வேண்டும். முன்பிருந்த முறைகள் நேரத்தையும் பொறுமையையும் தின்றன. இது சீக்கிரமாகவும் சுத்தமாகவும் முடிந்ததால் உலகத்துச் சோதனைச்சாலைகளெல்லாம் இதைக் கைக்கொண்டன. சுப்பாராவின் மேற்கோள் கணக்கில் பெரும் பங்கு இந்த ஒரே கட்டுரையால் வந்தது.

இதோடு நின்றிருந்தால் அவரும் மரக்கால் செய்தவர்களில் ஒருவராகவே இருந்திருப்பார். ஆனால் அளவுகோலைச் செய்தவரே அது தவறுகிற இடத்தைக் கூர்ந்து கவனித்ததில்தான் அவருடைய பெருமை தொடங்குகிறது. தசையிலிருந்து வடித்த நீரை இம்முறையில் சோதித்தபோது, நீலம் வழக்கம்போல் உடனே எழாமல், தயங்கித் தயங்கி நேரஞ்செல்ல அடர்ந்துகொண்டே போயிற்று. பாத்திரம் அழுக்கு, திராவகம் பழசு என்று வேறொருவர் கொட்டிவிட்டிருப்பார். இவர்களோ, எளிதில் சிதையும் ஏதோ ஒரு பொருளிலிருந்து பாஸ்பேட் சிறிது சிறிதாகக் கழன்று வருகிறது என்று அநுமானித்துத் தேடி, பாஸ்போகிரியேட்டின் என்ற பொருளைப் பிரித்தெடுத்து, 1927-இல் அறிவித்தார்கள். அதே ஆண்டில் இங்கிலாந்தில் எகிள்டன் தம்பதிகளும் தனியாக அதைக் கண்டார்கள். 1929-இல் ஏ.டி.பி. என்று இன்று பள்ளிப் பிள்ளைகளும் சொல்லும் பொருளையும், ஜெர்மனியில் கார்ல் லோமான் கண்ட அதே சமயத்தில், இவர்களும் பிரித்தெடுத்தார்கள். தசை சுருங்குவதற்கு லாக்டிக் அமிலமே மூலகாரணம் என்று நோபல் பரிசு பெற்றவர்களே நம்பியிருந்த கொள்கை, இந்தப் பொருள்கள் வெளிவந்த சில ஆண்டுகளுக்குள் ஆட்டங்கண்டது. ஏ.டி.பி. பற்றி இவர்கள் 'ஸயன்ஸ்' இதழில் எழுதியது ஓரிரு பக்கக் குறிப்பு மட்டுமே. இன்று ஏ.டி.பி. என்ற மூன்று எழுத்தை எழுதுகிற எந்த ஆராய்ச்சியாளரும் அந்தக் குறிப்பை அடியில் சுட்டுவது கிடையாது. ஓர் உண்மை எல்லோருக்கும் சொந்தமாகிவிட்டால் அதைச் சொன்னவருக்கு மேற்கோள் நின்றுபோகிறது என்று சமூகவியலார் ராபர்ட் மெர்ட்டன் குறிப்பிட்டார். பாஸ்பரஸ் அளக்கும் கட்டுரைக்குக் கிடைத்த மேற்கோள் ஏ.டி.பி. குறிப்புக்குக் கிடைக்காததன் ரகசியம் இதுதான்.

மறதி எல்லாமே இவ்வளவு நிர்த்தோஷமானது அன்று. பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற ஜார்ஜ் ஹிட்சிங்ஸ், அந்நாளில் ஃபிஸ்கிடம் மாணவராக இருந்தவர். சுப்பாராவ் பிரித்தெடுத்த சில நியூக்ளியோடைடுகளை ஃபிஸ்க் வெளியிட விடாததால், பல ஆண்டுகள் கழித்து மற்றவர்கள் அவற்றை மறுபடியும் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது என்று ஹிட்சிங்ஸ் சொன்னதாக வரலாறு எழுதியவர்கள் குறிக்கிறார்கள். சுப்பாராவின் பிரசுரப் பட்டியலை எவ்வளவு சிரத்தையோடு எண்ணினாலும், அச்சேறாத இந்தப் பக்கங்கள் எந்தக் கணக்கிலும் வரப்போவதில்லை. ஹார்வர்டில் நிரந்தரப் பதவி கிட்டாமல் 1940-இல் நியூயார்க் மாகாணத்துப் பேர்ல் ரிவர் என்ற ஊரிலிருந்த லெடர்லே மருந்து நிறுவனத்துக்குப் போய், இரண்டு ஆண்டுகளில் அதன் ஆராய்ச்சித் தலைவரானார் சுப்பாராவ்.

அங்கே அவர் செய்த காரியங்களை எண்ணிப் பார்க்கும்போது எட்டே ஆண்டுகளில் ஒரு மனிதர் தலைமையில் இவ்வளவு நடந்ததா என்ற பிரமிப்பு எனக்கு இன்னும் தீரவில்லை. கர்ப்பிணிகளுக்குச் சத்து மாத்திரை என்று நம் ஆரம்ப சுகாதார நிலையங்களில் இரும்புச் சத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படும் ஃபோலிக் அமிலத்தை 1945-இல் செயற்கையாகத் தயாரித்தது அவருடைய குழு. அதை அறிவித்த கட்டுரையில் பெயர்கள் நீண்ட வரிசையாக நிற்க, அவர் பெயர் நடுவே எங்கோ வருகிறது. யானைக்கால் நோய்க்கான டீ.ஈ.ஸி. மாத்திரையை, சுகாதாரப் பணியாளர்கள் வீடுவீடாக வந்து கண்ணெதிரே விழுங்கச் சொல்லிக் கொடுத்ததைத் தமிழ்நாட்டில் பலர் கண்டிருப்பார்கள். ஹெட்ரஸான் என்ற பெயரில் அதே மருந்து 1947-இல் அங்கேதான் வெளிவந்தது. அந்தக் கட்டுரையிலும் முதல் பெயர் வேறொருவருடையது. ஃபோலிக் அமிலத்தின் உருவத்தைச் சிறிது மாற்றி அதற்கே பகையாக்கிய அமினோப்டெரின் என்ற பொருளை, பாஸ்டன் குழந்தைகள் ஆஸ்பத்திரியில் ஸிட்னி ஃபார்பர் இரத்தப் புற்றுநோய் கண்ட பதினாறு குழந்தைகளுக்குக் கொடுத்ததில், பத்துக் குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவேனும் நோய் அடங்கியது. 1948-இல் வெளியான அந்தப் பிரசித்தி பெற்ற கட்டுரையின் ஆசிரியர்களில் சுப்பாராவ் இல்லை. அமினோப்டெரினின் உடன்பிறப்பான மெதோட்ரெக்ஸேட் இன்றும் புற்றுநோய்க்கும் மூட்டுவாதத்துக்கும் கொடுக்கப்படுகிறது. டெட்ராஸைக்ளின் வகையில் முதலாவதான ஆரியோமைசினை மண்ணிலிருந்து கண்டெடுத்த பெஞ்சமின் டக்கர் அவருடைய ஆராய்ச்சிப் பிரிவில் வேலை செய்தவர். அதை அறிவித்த கட்டுரையில் டக்கரின் பெயர் மட்டுமே இருக்கிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. கண்டவர் பெயரைப் போட்டுக்கொண்டார், இடங்கொடுத்துத் தூண்டியவர் ஒதுங்கி நின்றார்.

மேற்கோள் அட்டவணைகளை ஒரேயடியாகப் பழிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. சிபாரிசும் சாதியும் உறவும் ஆட்சி செலுத்தும் இடங்களில், அச்சில் கிடக்கும் ஓர் எண்ணாவது ஏழைப் பிள்ளைக்குத் துணை நிற்கிறது என்பதை மறுக்க முடியாது. ஆனால் எவர் பெயரில் கட்டுரை வந்ததோ அவருக்கே பலன் சேரும் இந்தக் கணக்கு, தம் பெயரை வற்புறுத்தாமல் பிறர் கையில் வேலையைக் கொடுத்தவர்களைக் காணவே காணாது. ஹிர்ஷின் சூத்திரத்தைச் சுப்பாராவுக்குப் பொருத்திப் பார்த்தால், பாஸ்பரஸ் கட்டுரை எத்தனை ஆயிரம் மேற்கோள் பெற்றிருந்தாலும் அது ஒரே ஒரு கட்டுரையாகவே எண்ணப்படும். ஃபார்பரின் கட்டுரையோ டக்கரின் கட்டுரையோ அவர் பக்கத்தில் சேரவே சேராது.

சுப்பாராவ் 1948-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், ஐம்பத்துமூன்றாவது வயதில், தூக்கத்திலேயே காலமானார். ஆரியோமைசின் உலகத்துக்குத் தெரியவந்த அதே ஆண்டு அது. இந்திய அரசாங்கம் 1995-இல், அவருடைய நூற்றாண்டில், தபால்தலை வெளியிட்டது. ஆனால் அதற்கு முன்பே, 1953-இல், ஹெஸல்டைன் என்ற அமெரிக்கக் காளான் நூல் வல்லுநர், சாக்கடை நீரைச் சுத்திகரிக்கும் கல் வடிகட்டிகளில் வளரும் பூஞ்சைகளை ஆராய்ந்தபோது புதிதாகக் கண்ட ஒரு பேரினத்துக்குச் 'சுப்பாரோமைசிஸ்' என்று பெயர் வைத்தார். உயிரினங்களுக்குப் பெயரிடும் விதிகளின்படி, அந்தப் பூஞ்சையைப் பற்றி எழுத வருகிற எவரும் அடிக்குறிப்பில் அல்ல, கட்டுரையின் உடலிலேயே, அந்தப் பெயரைச் சொல்லித்தான் ஆக வேண்டும்.