மாறிகளின் வகைப்பாடு: நெம்மேலிக் கடற்கரையை முன்வைத்து

களஆய்வில் திரட்டப்படும் தரவுகள் கணினியில் ஏற்றப்படும்போது பெரும்பாலும் எண்களாகின்றன. மீன்பிடிப்போர் 1, வேளாண்மை செய்வோர் 2, கூலித்தொழில் செய்வோர் 3 எனக் குறியீடு இடப்படுகிறது. பின்னர் அவ்வெண்களுக்குச் சராசரி காண்பது தமிழியல் களஆய்வில் எளிதில் நேரக்கூடிய பிழையாகும். எண்ணாக நிற்பவை யாவும் அளவுகள் அல்ல.

ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம், காலத்துக்குக் காலம் வேறுபடும் பண்பு புள்ளியியலில் மாறி எனப்படும். மாறிகளை அளக்கும் முறைகளை 1946இல் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் பெயர், வரிசை, இடைவெளி, விகிதம் என நான்காகப் பகுத்தார்.

பெயர் அளவைக்கு அகநானூற்றுப் பாடல் எண்களே தக்க சான்று. அந்நூலில் ஒற்றைப்படை எண் பெற்றவை பாலை. 2, 8 என முடிபவை குறிஞ்சி. 4 என முடிபவை முல்லை. 6 என முடிபவை மருதம். பத்தின் மடங்குகள் நெய்தல். நெய்தற் பாடல்கள் நாற்பதன் எண்களையும் கூட்டிச் சராசரி கண்டால் 205 வரும். ஆனால் 205ஆம் பாடல் பாலைத்திணைக்கு உரியது. கணக்கில் பிழையில்லை, திணையைச் சுட்டும் குறியீட்டை அளவாகக் கொண்டதே பிழை. இத்தகைய மாறிக்கு எண்ணிக்கை, விழுக்காடு, முகடு ஆகியவையே பொருந்தும்.

கருத்தறி வினாக்களில் வரும் ‘உடன்படுகிறேன்’, ‘மிகவும் உடன்படுகிறேன்’ போன்ற விடைகள் வரிசை அளவையின. அவற்றில் முன்பின் உண்டு; இடைவெளி சமமென்பதற்கு உறுதியில்லை. ஆதலின் இடைநிலை காண்பது தக்கது.

ஏனைய இரண்டையும் செங்கல்பட்டு மாவட்டத்து நெம்மேலியில் தெளிவாகக் காணலாம். அங்கு 2013இல் தொடங்கப்பெற்ற கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலையின் திறன் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர். 2024இல் திறக்கப்பெற்ற இரண்டாம் ஆலையின் திறன் 15 கோடி லிட்டர். பின்னது முன்னதைப்போல் ஒன்றரை மடங்கு எனக் கூறலாம். இங்குச் சுழியம் உண்மையான இன்மையைக் குறிப்பதால் இது விகித அளவை. கடல்நீர் 30 பாகை செல்சியசாக இருப்பின், அது 20 பாகை நீரைப்போல் ஒன்றரை மடங்கு வெப்பமுடையது எனல் இயலாது. செல்சியசின் சுழியம் நீரின் உறைநிலையைக் கொண்டு வகுக்கப்பட்டது. எனவே அது இடைவெளி அளவை. கரையில் நிற்கும் படகுகளின் எண்ணிக்கை தனித்த மாறி என்பதும், வலையில் விழுந்த மீனின் எடை தொடர்மாறி என்பதும் வெளிப்படை.

ஆய்வில் வகிக்கும் பங்கை நோக்கிச் சாரா மாறி, சார்ந்த மாறி எனப் பகுக்கையில்தான் சிக்கல் மிகுகிறது. ஆலைப் பணிகளுக்குப் பின் கரை அரிக்கப்பட்டதென்பது இப்பகுதி மீனவர் முறையீடு. இதனை ஆராய்வோருக்கு ஆலை அமைவதற்கு முன், பின் என்பது சாரா மாறி. கரையின் அகலம் சார்ந்த மாறி. ஆயின் இக்கடற்கரையில் மணல் தென்மேற்குப் பருவக்காற்றின்போது வடக்கு நோக்கியும், வடகிழக்குப் பருவக்காற்றின்போது தெற்கு நோக்கியும் நகரும். முன்னளவை ஆனியிலும் பின்னளவை கார்த்திகையிலும் எடுத்தால், பருவம் மூன்றாம் மாறியாக இடைபுகுந்து முடிவைத் திரித்துவிடும். அம்முடிவு மீனவருக்குச் சாதகமாகவும் அமையலாம், பாதகமாகவும் அமையலாம். ஒரே இடத்தில், ஒரே பருவத்தில், பல ஆண்டுகள் அளப்பதோடு, ஆலையில்லாத அண்டைக் கரை ஒன்றையும் உடன் அளந்த பின்னரே அம்முறையீட்டுக்கு விடை கூற இயலும்.