விரிப்பின் நெருக்கம்

வீட்டிற்கு வாங்கும் துணிகளுள் நாள்தோறும் நெடுநேரம் நம் உடலோடு ஒட்டியிருப்பது படுக்கை விரிப்பேயாகும். ஆயினும் புடவை எடுக்கையில் ஒரு நாழிகை ஆராயும் நாம், விரிப்பை நிறம் கண்டு, விலை கேட்டு, நொடியில் வாங்கிவிடுகிறோம். இப்பழக்கத்தால் வாங்குவோர் மட்டுமன்றி, நேர்மையாக நெய்யும் நெசவாளியும், நல்ல பஞ்சு விளைவிக்கும் விவசாயியும் நஷ்டமடைகின்றனர்.

விரிப்பின் தரம் வயலிலேயே தொடங்குகிறது. முற்றாத பஞ்சு கலந்த நூலில் சிறு முடிச்சுகள் விழும். சாயமும் சீராக ஏறாது. ஒரு பவுண்டு எடையில் 840 கஜம் கொண்ட சிட்டங்கள் எத்தனை அடங்குகின்றனவோ, அதுவே நூலின் நம்பர். 20-ஆம் நம்பர் நூல் இரண்டை முறுக்கிய இரட்டைப் புரி நூல் விரிப்புக்கு நன்கு உழைக்கும். சிட்டங்களை வேகவைத்து, சாயமேற்றி, உலர்த்தி, பாவு ஓடி, கஞ்சியிட்டு, பழைய பாவின் இழையோடு புதிய இழையை ஒவ்வொன்றாகப் பிணைத்த பின்னரே தறியில் நாடா ஓடத் தொடங்கும். ஈரோடு மாவட்டத்துச் சென்னிமலை பெற்றுள்ள புகழெல்லாம் இத்தகைய உழைப்பால் விளைந்ததே.

இவ்வளவு உழைப்பும் எங்கே வீணாகிறது என்பதை ஒரு சங்கத்தில் இருப்புச் சரிபார்க்கையில் கண்டேன். அங்குலத்திற்கு 44 ஊடை இழைகள் இருக்க வேண்டிய விரிப்பில் 40 இழைகளே இருந்தன. நெய்த அங்கத்தினரை அழைத்து வினவியபோது, "நாலு இழைதானே ஐயா, யார் கண்ணுக்குத் தெரியப் போகிறது?" என்றார்.

இருவரும் அமர்ந்து கணக்கிட்டோம். 90 அங்குல நீளத்தில் குறைந்தவை 360 இழைகள். 60 அங்குல அகலத்திற்கு அவை 600 கஜம். எடையோ ஏறக்குறைய 32 கிராம். மிஞ்சியது இச்சிறு நூலும் சில நிமிட நேரமுமே. ஆனால் அவ்விரிப்பு சில சலவைகளில் தளர்ந்து இழை விலகினால், வாங்கியவர் அந்த நெசவாளியை நிந்திக்கமாட்டார். சங்கத்தின் பெயரையே நிந்திப்பார்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்னர், "44 இழை போட்டாலும் 40 போட்டாலும் கூலி ஒன்றுதானே ஐயா?" என்றார். அக்கேள்வியில் நியாயம் இருந்தது. உருப்படிக்கு இவ்வளவு என்று மட்டும் கூலி வைத்தால், நெருக்கம் குறைவது இயல்பே. குறையைப் பதிவு செய்ததோடு, இழை நெருக்கத்திற்கேற்பக் கூலி நிர்ணயிக்குமாறும் நிர்வாகக் குழுவுக்கு எழுதினேன்.

வாங்குவோர் செய்ய வேண்டியவை எளியவை. விரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இடைவெளிகள் சீராயிருக்க வேண்டும். கையால் கசக்கிப் பாருங்கள். மாவு உதிர்ந்தால் நெருக்கமின்மையைக் கஞ்சி மறைத்திருக்கிறது. நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்தால் சாயத்தின் உறுதி தெரியும். மெத்தையின் அகலத்தோடு இருபுறத்துக் கனத்தையும், செருகுவதற்கு ஆறாறு அங்குலத்தையும் கூட்டிக்கொள்ளுங்கள். 60 அங்குல அகலமும் 6 அங்குலக் கனமும் உள்ள மெத்தைக்கு 84 அங்குலம் தேவை. சலவையில் சுருங்குமாதலால் 90 அங்குல அகல விரிப்பே பொருத்தம்.

1985-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ்க் கைத்தறிக்கென ஒதுக்கப்பட்ட 11 வகைகளுள், வரையறைக்குட்பட்ட படுக்கை விரிப்பும் ஒன்று. கைத்தறித் துணியை அடையாளம் காண 2006-ஆம் ஆண்டு முதல் கைத்தறி முத்திரையும் உள்ளது. சட்டமும் முத்திரையும் துணியின் பிறப்பிடத்தைக் காக்கலாம். அதன் நெருக்கத்தைக் காக்க வேண்டியவர் நெய்பவரே. அவர் அவ்வாறு காப்பதற்குரிய கூலியைத் தருவது சங்கத்தின் கடமை. அதற்குரிய விலையை அறிந்து கொடுப்பது வாங்குவோர் கடமை.