ஆற்றலுக்கோர் கலிங்கு

நுழையும்முன்

ஏரி நிரம்ப மழை வேண்டும் என உழவர் விரும்புவர். நிரம்பிய ஏரியின் கரை உடைந்துவிடக் கூடாதே என அஞ்சவும் செய்வர். அவ்வச்சத்தைப் போக்க நம் முன்னோர் அமைத்தது கலிங்கு. குறித்த மட்டத்துக்கு மேல் வரும் நீரைத் தானே வெளியேற்றி அது கரையைக் காக்கும். கார் எஞ்சினிலும் அத்தகைய காவல் உறுப்பு ஒன்று உண்டு. அதனை எவ்வாறு தேர்ந்தெடுப்பது, அது பழுதுறும்போது காரணத்தை எவ்வாறு கண்டறிவது என்பவற்றை விளக்குகிறது இப்பாடம்.

காற்றே ஆற்றலின் அளவுகோல்

எஞ்சினின் ஆற்றலுக்கு எரிபொருளே காரணம் எனப் பலரும் கருதுவர். அது பாதி உண்மையே. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று வேண்டும். எரிபொருளை மிகுதியாகச் செலுத்துவது எளிது. அதற்கேற்ற காற்றை உருளைக்குள் நிரப்புவதே அரிது. பிஸ்டன் கீழிறங்கும்போது வளிமண்டல அழுத்தத்தால் உட்புகும் காற்று ஓர் அளவுக்கு மேற்படாது.

இத்தடையைக் கடக்க ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த பொறியாளர் ஆல்ஃபிரட் பூஹி ஒரு வழி கண்டார். உருளையிலிருந்து வெளியேறும் கழிவு வாயு, வெப்பத்தையும் விசையையும் சுமந்தவாறே வீணாகிறது. அதனைக் கொண்டே காற்றை அழுத்தி உருளைக்குள் செலுத்தலாம் என்னும் கருத்தை அவர் 1905-ஆம் ஆண்டிலேயே காப்புரிமை வழியாக முன்வைத்தார். அதுவே டர்போசார்ஜரின் தொடக்கம்.

டர்போசார்ஜரில் ஒரே தண்டின் இரு முனைகளில் இரண்டு சக்கரங்கள் உள்ளன. ஒன்று, கழிவு வாயுவால் சுழலும் டர்பைன் சக்கரம். மற்றொன்று, தூய காற்றை அழுத்தித் தள்ளும் கம்ப்ரசர் சக்கரம். சிறிய கார்களில் இத்தண்டு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் முறைக்கு மேலும் சுழலும். வளிமண்டல அழுத்தத்துக்கு மேற்பட்டு இவ்வாறு பெறப்படும் அழுத்தமே ஊக்க அழுத்தம். பட்டறைகளில் இதனைப் 'பூஸ்ட்' என வழங்குவர்.

தன்னைத் தானே வளர்க்கும் சுழற்சி

இந்த ஏற்பாட்டில் ஓர் இடர் மறைந்துள்ளது. காற்று மிகுந்தால் எரிபொருளும் மிகுதியாக எரிகிறது. எரிதல் மிகுந்தால் கழிவு வாயு பெருகுகிறது. கழிவு வாயு பெருகினால் டர்பைன் விரைகிறது. டர்பைன் விரைந்தால் மேலும் காற்று வருகிறது. விளைவே மீண்டும் காரணமாகும் இச்சுழற்சி எங்கேனும் நிறுத்தப்பட வேண்டும்.

நிறுத்தாவிடில் நேர்வது என்ன? உருளைக்குள் அழுத்தமும் வெப்பமும் வரம்பு கடக்கும்போது, தீப்பொறியால் பரவும் சுடர் சென்று சேருமுன்பே எஞ்சிய கலவை தானே வெடித்தெரியும். எஞ்சினில் உலோகத்தைத் தட்டுவது போன்ற ஒலி எழும். இதனை 'நாக்கிங்' என்பர். இது நீடித்தால் பிஸ்டன் உருகவும் உடையவும் கூடும். மற்றொருபுறம், வரம்பு மீறிய வேகத்தால் டர்போசார்ஜரின் சக்கரங்களும் தாங்கிகளும் சிதையலாம்.

இச்சுழற்சிக்கு எல்லை வகுக்கும் உறுப்பே வேஸ்ட்கேட். டர்பைன் சக்கரத்தை அடையுமுன் கழிவு வாயுவின் ஒரு பகுதியைப் புறவழியில் திருப்பி, நேரே புகைக்குழாய்க்கு அனுப்பும் வாயில் இது. இதன் இயக்கம் மிக எளியது. ஒரு சிறு கலத்தின் நடுவே டயஃப்ரம் எனப்படும் சவ்வு உள்ளது. சவ்வின் ஒருபுறம் சுருள்வில் அழுத்துகிறது. மறுபுறம், கம்ப்ரசரிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய் வழியே வரும் ஊக்க அழுத்தம் அழுத்துகிறது. ஊக்க அழுத்தம் சுருள்வில்லின் விசையை வெல்லும்போது சவ்வு நகர்கிறது. அதனுடன் இணைந்த தண்டு வாயிலைத் திறக்கிறது. சவ்வும் தண்டும் கொண்ட இக்கலமே 'ஆக்சுவேட்டர்'.

வரலாறு காட்டும் இருவழிகள்

அமெரிக்காவில் 1962-ஆம் ஆண்டு டர்போசார்ஜர் பொருத்திய இரு கார்கள் விற்பனைக்கு வந்தன. அவற்றுள் செவ்ரோலே கோர்வேர் மோன்சா ஸ்பைடரில் வேஸ்ட்கேட் இல்லை. புகைக்குழாய்த் தொகுதியின் தடையைக் கொண்டே ஊக்க அழுத்தம் மட்டுப்படுத்தப்பட்டது. ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயரிலோ வேஸ்ட்கேட் இருந்தது. ஆயினும் அதன் எஞ்சினில் அமுக்க விகிதம் 10.25-க்கு 1 என மிகுந்திருந்தமையால், நாக்கிங்கைத் தடுக்க நீரும் மெத்தனாலும் கலந்த நீர்மத்தைத் தனியே தெளிக்க வேண்டியிருந்தது. உரிமையாளர்கள் அதனை நிரப்ப மறந்தபோது கார் தன் ஆற்றலை இழந்தது. இரண்டு ஆண்டுகளுக்குள் ஜெட்ஃபயரின் உற்பத்தி நின்றது.

ஸ்வீடன் நாட்டின் சாப் நிறுவனம் 1977-ஆம் ஆண்டு பிராங்க்ஃபர்ட் கண்காட்சியில் 'சாப் 99 டர்போ' காரை அறிமுகப்படுத்தியது. பெர் கில்பிராண்ட் முதலிய பொறியாளர்கள் அதன் உருவாக்கத்தில் பங்கேற்றனர். உச்ச வேகத்தைக் காட்டிலும் அன்றாடச் சாலையில் உதவும் இழுவிசையே அவர்களது நோக்கம். எனவே குறைந்த வேகத்திலேயே சுழலத் தொடங்கும் டர்போசார்ஜரைத் தேர்ந்து, வேகம் கூடும்போது எழும் மிகையை வேஸ்ட்கேட் வழியே வெளியேற்றினர். இரண்டு லிட்டர் கொள்ளளவுள்ள அந்த எஞ்சின் 145 குதிரைத்திறன் தந்தது. 1980-களின் தொடக்கத்தில் அந்நிறுவனம் மேலும் ஒரு படி சென்று, நாக்கிங்கை உணரியால் அறிந்து, அதற்கேற்ப வேஸ்ட்கேட்டை மின்னணு முறையில் கட்டுப்படுத்தியது. வேஸ்ட்கேட் இருந்தால் மட்டும் போதாது; எஞ்சினின் தன்மைக்கு அது பொருந்தவும் வேண்டும் என்பதை இவ்வரலாறு காட்டுகிறது.

தேர்ந்தெடுக்கும் முறை

வேஸ்ட்கேட் இருவகைப்படும். டர்பைன் கூட்டினுள்ளேயே ஒரு மடலாக அமைவது அகவகை. கழிவு வாயுக் குழாய்த்தொகுதியில் தனியே பொருத்தப்படுவது புறவகை. அகவகை சிறியது, செலவு குறைந்தது, சாலையில் ஓடும் கார்கள் பெரும்பாலானவற்றுக்குப் போதுமானது. புறவகை அதிக வாயுவை வெளியேற்ற வல்லது. அழுத்தத்தை நுட்பமாகக் கட்டுப்படுத்தக் கூடியது. ஆயின், கூடுதல் இடமும் குழாய் வேலையும் அதற்குத் தேவை. பந்தயக் கார்களிலும் பெரிய டர்போசார்ஜர் பொருத்திய எஞ்சின்களிலும் அது பயன்படுகிறது.

அடுத்துக் கருத வேண்டியது வாயிலின் அளவு. இங்குப் பலரும் தவறுவர். ஊக்க அழுத்தம் மிகுந்தால் பெரிய வேஸ்ட்கேட் வேண்டும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை இதற்கு நேர்மாறானது. ஒரே எஞ்சினில் ஒரே டர்போசார்ஜரை 1.5 பார் ஊக்க அழுத்தத்தில் இயக்கினால், கழிவு வாயுவின் பெரும்பகுதி டர்பைனைச் சுழற்றவே செலவாகும். புறவழியில் செல்வது சிறுபகுதியே. அதனையே 0.5 பார் அளவில் நிறுத்த விரும்பினால், மிகுதியான வாயுவைப் புறவழியில் அனுப்ப வேண்டும். அதற்கே பெரிய வாயில் தேவை. ஏரியில் நீர்மட்டத்தைத் தாழ்வாக நிறுத்த விரும்புவோர் கலிங்கை அகலமாகக் கட்டுவது போன்றதே இது. பெரிய எஞ்சினில் சிறிய டர்போசார்ஜரைப் பொருத்தும்போதும் பெரிய வேஸ்ட்கேட்டே பொருந்தும்.

வாயில் சிறிதாயின், அது முழுமையாகத் திறந்த பின்னரும் எஞ்சினின் வேகம் கூடக்கூட ஊக்க அழுத்தம் மெல்ல ஏறிக்கொண்டே போகும். இதனை 'ஊர்ந்தேறும் அழுத்தம்' எனலாம். தடை குறைந்த அகன்ற புகைக்குழாயைப் புதிதாக மாட்டிய கார்களில் இக்குறை தோன்றுவதுண்டு. குழாயின் தடை குறைவதால் டர்பைன் முன்னிலும் விரைவாகச் சுழல, பழைய வாயில் அதற்கு ஈடுகொடுக்க இயலாமற் போகிறது.

மூன்றாவது, சுருள்வில். காருக்குத் தேவைப்படும் மிகக் குறைந்த ஊக்க அழுத்தத்தைச் சுருள்வில்லே உறுதிசெய்கிறது. கட்டுப்படுத்தும் கருவியைக் கொண்டு அதற்கு மேல் அழுத்தத்தை உயர்த்தலாம்; அதற்குக் கீழே குறைக்க இயலாது. எனவே எஞ்சின் எவ்விதத் தீங்குமின்றித் தாங்கும் அளவுக்கே சுருள்வில்லைத் தேர்தல் வேண்டும்.

நான்காவது, பொருத்தும் இடம். எல்லா உருளைகளின் கழிவு வாயுவும் ஒன்றுசேரும் இடத்தில், வாயு இயல்பாகத் திரும்பிச் செல்லத்தக்க சாய்வில் புறவகை வேஸ்ட்கேட் அமைய வேண்டும். செங்குத்தாகத் திரும்பும் கிளைக்குழாயில் அதனைப் பொருத்தினால், வாயு நேரே டர்பைனை நோக்கியே விரையும். வாயில் பெரிதாயினும் பயனிராது. வெளியேறும் வாயுவை மீண்டும் புகைக்குழாயில் சேர்ப்பதே முறை. திறந்த வெளியில் விட்டால் ஒலி மிகும். நச்சுப்புகையும் தூய்மையாக்கப்படாமல் காற்றில் கலக்கும்.

தெரிந்து தெளிவோம்

இன்றைய டீசல் கார்கள் பலவற்றில் வேஸ்ட்கேட் இல்லை. டர்பைனைச் சுற்றியுள்ள சிறு தகடுகள் தம் சாய்வை மாற்றி, வாயுவின் விசையைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன. இதனை மாறுவடிவ டர்போசார்ஜர் என்பர்.

பழுதறிதல்

கார் ஆற்றல் இழந்தால் உடனே டர்போசார்ஜரையே மாற்ற முனைவது பெருஞ்செலவில் முடியும். மாற்றிய பின்னும் குறை நீடிப்பதுண்டு. காரணம், பழுது வேறோர் இடத்தில் இருந்திருக்கும். அறிகுறியிலிருந்து காரணத்தை நோக்கிப் படிப்படியாகச் செல்வதே முறையான வழி.

முதலில் ஆக்சுவேட்டர் எவ்வகையது என அறிய வேண்டும். அழுத்தத்தால் இயங்கும் வகையில் சுருள்வில் வாயிலை மூடி வைக்கும்; ஊக்க அழுத்தம் திறக்கும். இவ்வகையில் ரப்பர் குழாய் கழன்றாலோ சவ்வு கிழிந்தாலோ, அழுத்தம் ஏறுவதை ஆக்சுவேட்டர் உணராது. வாயில் மூடியே கிடக்க, ஊக்க அழுத்தம் வரம்பு மீறும். வெற்றிடத்தால் இயங்கும் வகை பலவற்றில் சுருள்வில் வாயிலைத் திறந்து வைக்கும். வெற்றிடமே அதனை மூடும். இங்கு அதே குழாய் கிழிந்தால் வாயில் திறந்தே கிடக்க, கார் ஆற்றலின்றித் தளரும். பழுது ஒன்றே, விளைவுகள் எதிரெதிரானவை. வகையறியாது முடிவு செய்தல் தவறாகும்.

ஊக்க அழுத்தம் குறைந்திருப்பின், முதலில் கம்ப்ரசருக்கும் எஞ்சினுக்கும் இடையிலுள்ள குழாய்களைச் சோதிக்க வேண்டும். அழுத்திய காற்று அங்கே கசிந்தால் வேஸ்ட்கேட் மீது வீண்பழி விழும். கசிவு இல்லையெனில், கரி படிந்து வாயில் திறந்தபடி சிக்கியுள்ளதா, அதன் இருக்கையில் விரிசல் உள்ளதா, தண்டு தளர்ந்துள்ளதா எனக் காண வேண்டும்.

ஊக்க அழுத்தம் மிகுந்திருப்பின், அது மிகும் விதத்தைக் கூர்ந்து நோக்க வேண்டும். ஒரு நொடி உயர்ந்து பின் தணிந்தால், வாயில் காலந்தாழ்ந்து திறக்கிறது என்று பொருள். தண்டு துருவேறி இறுகியிருத்தலோ கட்டுப்பாட்டுக் கருவியின் தவறான அமைப்போ காரணமாகலாம். வேகத்துடன் மெல்ல ஏறிக்கொண்டே சென்றால், வாயில் சிறிது என்பதே பெரும்பாலும் காரணம். தொடக்கத்திலிருந்தே தடையின்றி உயர்ந்தால், குழாய், சவ்வு, வரிச்சுருள் வால்வு ஆகியவற்றை ஆராய வேண்டும். அதுவரை காரை ஓட்டாதிருத்தல் நன்று.

எஞ்சின் குறைவேகத்தில் இயங்கும்போது டர்போசார்ஜர்ப் பகுதியில் தகரம் அதிர்வது போன்ற ஒலி கேட்டால், மடலைத் தாங்கும் புதையுருளை தேய்ந்திருக்கக் கூடும்.

அழுத்த வகை ஆக்சுவேட்டரைச் சோதிக்க, அழுத்தமானி இணைந்த கைப்பம்பு ஒன்று போதும். எஞ்சின் நன்கு குளிர்ந்த பின் ரப்பர் குழாயைக் கழற்றி, பம்பினால் சிறிது சிறிதாக அழுத்தம் செலுத்த வேண்டும். தயாரிப்பாளர் குறித்த அளவில் தண்டு நகரத் தொடங்குகிறதா, தடையின்றி நகர்ந்து மீள்கிறதா, செலுத்திய அழுத்தம் குறையாது நிற்கிறதா என நோக்க வேண்டும். முள் கீழிறங்கினால் சவ்வு கசிகிறது எனலாம். பட்டறையிலுள்ள பெரிய காற்றழுத்தக் கலனை நேரே இணைத்தல் கூடாது. அதன் மிகுந்த அழுத்தம் நல்ல சவ்வையும் கிழித்துவிடும்.

வரம்பே வலிமை

ஆற்றலை மிகுக்கும் ஆர்வத்தால் தண்டின் நீளத்தைக் குறைத்து, வாயில் எளிதில் திறவாதபடி இறுக்குவோர் உளர். கார் சில நாள் விரைந்தோடும். ஆயின், மிகுந்த காற்றுக்கேற்ற எரிபொருளும் தீப்பொறியின் நேரமும் திருத்தப்படாத நிலையில், நாக்கிங் உள்ளிருந்தே எஞ்சினை அரிக்கும். இறுதியில் பழுதுபார்க்கும் செலவு, பெற்ற வேகத்தைவிடப் பன்மடங்காகும்.

உள்ளங்கையில் அடங்கும் ஒரு சவ்வும் சுருள்வில்லும் ஒரு முழு எஞ்சினைக் காக்கின்றன. ஆற்றலைத் தடுப்பது அவற்றின் பணியன்று. எஞ்சின் தாங்கும் அளவில் ஆற்றலை நிறுத்தி, நெடுநாள் நிலைக்கச் செய்வதே அவற்றின் பணி. கலிங்கு இருப்பதாலன்றோ ஏரி ஆண்டுதோறும் நிறைகிறது!